தரவுத்தளத்தில் வழு எங்கே? அட்டவணை, வினவல், காப்பெடுத்தல் ஆகியவற்றில் வழுக்களைக் கண்டறிந்து திருத்துதல்

1. அறிமுகம்

தரவுகளை ஒன்றோடொன்று தொடர்புடைய அட்டவணைகளாக ஒழுங்கமைத்து வைப்பது தொடர்புநிலைத் தரவுத்தளம் எனப்படும். ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் கொட் என்பவர் 1970 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையே இதற்கு அடிப்படையாகும். இன்று வங்கி, வைத்தியசாலை, பாடசாலை என எங்கும் இம்முறையே பயன்பாட்டில் உள்ளது.

இப்பாடப்பகுதியில் வரைவிலக்கணங்களை மனனம் செய்த மாணவர்கள் பலர், "பின்வரும் அட்டவணையில் உள்ள குறைபாடு யாது?", "இவ்வினவல் எதிர்பார்த்த விடையைத் தராமைக்குக் காரணம் கூறுக" போன்ற வினாக்களில் புள்ளிகளை இழக்கின்றனர். வழுவை இனங்காணப் பழகாமையே இதற்குக் காரணம். எனவே இப்பாடத்தில் வரைவிலக்கணங்களைச் சுருக்கி, வழுக்களை விரிவாக நோக்குவோம்.

தரவுத்தளம் ஒன்றில் வழு தோன்றக்கூடிய இடங்கள் மூன்று:

(அ) அட்டவணைகளின் கட்டமைப்பு
(ஆ) வினவல்கள்
(இ) காப்பெடுத்தலும் மீட்டெடுத்தலும்

குறிப்பு: இந்நூலில் எஸ்கியூஎல் கட்டளைகள் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தரப்பட்டுள்ளன. விடைத்தாளிலும் கணினியிலும் அவற்றை ஆங்கில எழுத்திலேயே எழுதுதல் வேண்டும்.

2. எடுத்துக்காட்டு

பாடசாலை நூலகம் ஒன்றில் இரவல் விபரங்கள் ஒரே அட்டவணையில் பதியப்பட்டுள்ளன எனக் கொள்வோம்.

அட்டவணை 1
சுட்டெண் | பெயர் | வகுப்பு | ஆசிரியர் இல. | நூல் இல. | நூற்பெயர் | இறாக்கை | இரவல் திகதி | திருப்பிய திகதி
2101 | ரவி | 11அ | ஆ05 | நூ301, நூ317 | பொது விஞ்ஞானம், தமிழ் இலக்கணம் | 3, 7 | 2024.02.05 | 2024.02.19
2102 | கமலா | 11அ | ஆ05 | நூ317 | தமிழ் இலக்கணம் | 7 | 2024.02.26 | –
2118 | பாத்திமா | 11ஆ | ஆ09 | நூ301 | பொது விஞ்ஞானம் | 3 | 2024.03.04 | –

பார்வைக்கு இது ஒழுங்காகவே தோன்றும். ஆனால் இதனைப் பயன்படுத்தத் தொடங்கியதும் பின்வரும் இடர்கள் எழும்.

செருகல் முரண்பாடு: புதிதாக வாங்கிய நூலை எவரும் இரவல் பெறும் வரை பதிய முடியாது. ஏனெனில் முதன்மைச் சாவியின் ஒரு பகுதியான சுட்டெண் வெறுமையாக இருத்தல் ஆகாது.

இற்றைப்படுத்தல் முரண்பாடு: 11அ வகுப்பின் ஆசிரியர் மாறினால் அவ்வகுப்புக்குரிய எல்லாப் பதிவுகளையும் மாற்ற வேண்டும். ஒன்றைத் தவறவிட்டாலும் ஒரே வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள் இருப்பதாகத் தரவுத்தளம் கூறும்.

நீக்கல் முரண்பாடு: பாத்திமாவின் பதிவை நீக்கினால், 11ஆ வகுப்பின் ஆசிரியர் யார் என்ற தகவலும் அதனுடன் அழிந்துவிடும்.

3. கட்டமைப்பு வழுக்களைத் திருத்துதல்

3.1 இயல்பாக்கம்

படி 1 – முதலாம் இயல்பு வடிவம். ஒரு கலத்தில் ஒரு பெறுமானமே இருத்தல் வேண்டும். ரவியின் பதிவில் இரண்டு நூல்கள் ஒரே கலத்தில் உள்ளன. அதனை இரண்டு பதிவுகளாகப் பிரிக்க, அட்டவணையில் மொத்தம் நான்கு பதிவுகள் அமையும்.

இப்போது முதன்மைச் சாவி யாது? (சுட்டெண், நூல் இல.) எனப் பலர் விடை எழுதுவர். ரவி அதே நூலை அடுத்த தவணையிலும் இரவல் பெற்றால் அதே சோடி மீண்டும் வருமே! ஆகவே (சுட்டெண், நூல் இல., இரவல் திகதி) என்ற மூன்றும் சேர்ந்த கூட்டுச் சாவியே பொருத்தமானது. இன்று அட்டவணையில் உள்ள தரவுகளை மட்டும் பார்த்துச் சாவியைத் தெரிவு செய்யலாகாது. நாளை எவ்வாறான தரவு வரக்கூடும் என்பதையும் கருதுதல் வேண்டும்.

படி 2 – இரண்டாம் இயல்பு வடிவம். சாவி அல்லாத புலம் ஒவ்வொன்றும் முழுச் சாவியிலும் தங்கியிருத்தல் வேண்டும். பெயர், வகுப்பு, ஆசிரியர் இல. ஆகியன சுட்டெண்ணில் மட்டும் தங்கியுள்ளன. நூற்பெயர், இறாக்கை ஆகியன நூல் இலக்கத்தில் மட்டும் தங்கியுள்ளன. இவை பகுதிச் சார்புகள். எனவே இவற்றைத் தனி அட்டவணைகளாகப் பிரித்தல் வேண்டும். திருப்பிய திகதி மட்டுமே முழுச் சாவியிலும் தங்கியுள்ளது.

படி 3 – மூன்றாம் இயல்பு வடிவம். சாவி அல்லாத ஒரு புலம், சாவி அல்லாத இன்னொரு புலத்தில் தங்கியிருத்தல் ஆகாது. ஆசிரியர் இலக்கத்தைத் தீர்மானிப்பது வகுப்பு. வகுப்போ மாணவர் அட்டவணையின் சாவி அன்று. எனவே இதனையும் பிரித்தல் வேண்டும்.

இறுதியாகக் கிடைப்பவை:

வகுப்பு (வகுப்பு, ஆசிரியர் இல.) – சாவி: வகுப்பு
மாணவர் (சுட்டெண், பெயர், வகுப்பு) – சாவி: சுட்டெண், அந்நியச் சாவி: வகுப்பு
நூல் (நூல் இல., நூற்பெயர், இறாக்கை) – சாவி: நூல் இல.
இரவல் (சுட்டெண், நூல் இல., இரவல் திகதி, திருப்பிய திகதி) – சாவி: முதல் மூன்றும், அந்நியச் சாவிகள்: சுட்டெண், நூல் இல.

முன்னர் கூறிய மூன்று முரண்பாடுகளையும் இவ்வட்டவணைகளில் மீண்டும் செய்து பாருங்கள். மூன்றும் நீங்கியிருக்கும்.

3.2 தரவு வகை வழுக்கள்

(i) தொலைபேசி இலக்கத்தை எண் வகையில் சேமித்தால் முன்னுள்ள பூச்சியம் மறையும். 021 எனத் தொடங்கும் இலக்கம் 21 எனத் தொடங்குவதாக மாறும். கூட்டல், கழித்தல் செய்யத் தேவையற்ற இலக்கங்களை எழுத்து வகையிலேயே சேமித்தல் வேண்டும். தேசிய அடையாள அட்டை இலக்கமும் அவ்வாறானதே. பழைய வடிவம் 9 இலக்கங்களும் இறுதியில் ஓர் எழுத்தும் கொண்டது. புதியது 12 இலக்கங்கள் கொண்டது. புலத்தின் நீளம் இரண்டுக்கும் இடமளிக்க வேண்டும்.

(ii) திகதியை எழுத்து வகையில் சேமித்தால் வரிசைப்படுத்தல் பிழைக்கும். 9/01/2024 என்பதற்கு முன் 10/02/2024 வரும். ஏனெனில் கணினி முதல் எழுத்தை ஒப்பிடுகின்றது. 9 ஐ விட 1 சிறியது. திகதிக்குத் திகதி வகையையே பயன்படுத்துக.

(iii) தமிழில் உள்ளிட்ட பெயர்கள் கேள்விக்குறிகளாகத் தோன்றுதல். தமிழ் எழுத்துகளைக் கொள்ளாத குறிமுறையில் அட்டவணை அமைக்கப்பட்டிருப்பது இதற்கு முக்கிய காரணமாகும். அட்டவணையையும், நிரலுக்கும் தரவுத்தளத்துக்கும் இடையிலான இணைப்பையும் யூனிகோட் முறைக்கு மாற்றுதல் வேண்டும். ஆனால் ஏற்கெனவே கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்ட பெயரை எந்த மாற்றத்தாலும் மீட்க முடியாது. அப்பெயரை மீண்டும் உள்ளிட வேண்டும். அல்லது சரியான காப்பிலிருந்து பெற வேண்டும்.

(iv) பெயரின் இறுதிப் பகுதி வெட்டுப்படுதல். "பாத்திமா" என்பதில் நாம் எண்ணும் எழுத்துகள் 4. யூனிகோட்டில் அது ப, கால், த, புள்ளி, த, இகரக் குறி, ம, கால் என 8 குறியீடுகளாகச் சேமிக்கப்படும். எனவே தமிழ்ப் பெயருக்குரிய புலத்தின் நீளத்தை எழுத்தெண்ணிக்கையை மட்டும் வைத்துத் தீர்மானித்தல் ஆகாது.

3.3 அந்நியச் சாவி தொடர்பான "வழு"

மாணவர் அட்டவணையில் இல்லாத 2199 என்ற சுட்டெண்ணுக்கு இரவல் பதிய முயன்றால் முறைமை மறுக்கும். இதனை முறைமையின் வழு எனக் கருதி, அந்நியச் சாவியையே நீக்கிவிடுவோர் உளர். உண்மையில் இது பாதுகாப்பு ஆகும். உள்ளிடும்போது முதலில் மாணவரையும் நூலையும் பதிந்து, பின்னர் இரவலைப் பதிக. நீக்கும்போது இரவலை முதலில் நீக்குக.

ஏற்கெனவே தரவு உள்ள அட்டவணைக்கு அந்நியச் சாவி சேர்க்க முடியாவிடின், உரிமையாளர் அற்ற பதிவுகள் உள்ளனவா எனப் பின்வருமாறு தேடுக.

செலெக்ட் இரவல்.சுட்டெண் ஃப்ரொம் இரவல் லெஃப்ட் ஜொயின் மாணவர் ஒன் இரவல்.சுட்டெண் = மாணவர்.சுட்டெண் வெயார் மாணவர்.சுட்டெண் இஸ் நல்;

பதிவுகள் எவையும் வராவிடின், இரு புலங்களினதும் தரவு வகை ஒன்றாக உள்ளதா எனப் பார்க்க.

4. வினவல் வழுக்கள்

வினவல் வழுக்கள் இருவகைப்படும். முதலாவது, வழுச் செய்தியுடன் நின்றுவிடுவது. காற்புள்ளி, மேற்கோட்குறி, கட்டளைப் பகுதிகளின் ஒழுங்கு ஆகியன பிழைத்தால் இவ்வாறு நிகழும். இரண்டாவது, எவ்விதச் செய்தியும் இன்றிப் பிழையான விடையைத் தருவது. இதுவே கூடிய கேடு விளைவிப்பது. ஏனெனில் அவ்விடையை நாம் நம்பிவிடுவோம்.

கீழுள்ளவற்றுக்கு நான்கு மாணவர்கள் (ரவி, கமலா, பாத்திமா, இதுவரை நூல் எதுவும் பெறாத நிசாந்தன்), நான்கு இரவற் பதிவுகள் எனக் கொள்க.

வழு 1: வெறுமையை ஒப்பிடுதல்
வெயார் திருப்பிய_திகதி = நல்
இதற்கு ஒரு பதிவும் வராது. நல் என்பது பூச்சியமும் அன்று, இடைவெளியும் அன்று. பெறுமானம் அறியப்படவில்லை என்பதே அதன் பொருள். அறியப்படாத ஒன்றைச் சமக்குறியால் ஒப்பிட்டால் விளைவும் அறியப்படாததே.
திருத்தம்: வெயார் திருப்பிய_திகதி இஸ் நல். இப்போது கமலா, பாத்திமா ஆகியோரின் பதிவுகள் வரும்.

வழு 2: இணைப்பு நிபந்தனையை விடுதல்
செலெக்ட் பெயர், இரவல்_திகதி ஃப்ரொம் மாணவர், இரவல்;
நான்கு பதிவுகள் எதிர்பார்த்த இடத்தில் 4 × 4 = 16 பதிவுகள் வரும். ஒவ்வொரு மாணவரும் ஒவ்வோர் இரவலுடனும் சோடி சேர்க்கப்பட்டமையே காரணம். எதிர்பாராத அளவு பதிவுகள் வந்தால் முதலில் இணைப்பு நிபந்தனையையே பார்க்க.
திருத்தம்: வெயார் மாணவர்.சுட்டெண் = இரவல்.சுட்டெண்

வழு 3: அன்ட், ஓர் முன்னுரிமை
11அ, 11ஆ வகுப்புகளில் திருப்பப்படாத இரவல்களைப் பெறுவதற்கு, இரு அட்டவணைகளையும் ஜொயின் மூலம் இணைத்தபின் எழுதப்பட்ட நிபந்தனை:
வெயார் வகுப்பு = '11அ' ஓர் வகுப்பு = '11ஆ' அன்ட் திருப்பிய_திகதி இஸ் நல்
இதற்கு இரண்டு பதிவுகளுக்குப் பதிலாக நான்கு வரும். அன்ட் முதலில் கணிக்கப்படுவதால் 11அ வகுப்பின் எல்லா இரவல்களும், ரவி திருப்பிய இரண்டும் உட்பட, சேர்ந்துவிடும். ரவி நூல் திருப்பவில்லை எனக் கடிதம் அனுப்பப்பட்டால் என்னாகும் என எண்ணிப் பாருங்கள்.
திருத்தம்: வெயார் (வகுப்பு = '11அ' ஓர் வகுப்பு = '11ஆ') அன்ட் திருப்பிய_திகதி இஸ் நல்

வழு 4: எண்ணிக்கை பிழைத்தல்
மாணவர் ஒவ்வொருவரும் பெற்ற நூல்களின் எண்ணிக்கையைக் காண ஜொயின் பயன்படுத்தினால் நிசாந்தன் பட்டியலில் இடம்பெறமாட்டான். லெஃப்ட் ஜொயின் பயன்படுத்தினால் இடம்பெறுவான். ஆனால் கவுண்ட்(*) என எழுதினால் அவனுக்கு 1 எனக் காட்டும்; அவனுக்குரிய வெறும் வரிசையும் எண்ணப்படுவதே காரணம். கவுண்ட்(இரவல்.நூல்_இல) என எழுதினால் 0 எனச் சரியாகக் காட்டும்.

வழு 5: வெயார், ஹேவிங் மாறாட்டம்
வெயார் தனிப் பதிவுகளை வடிகட்டும். ஹேவிங் குழுக்களை வடிகட்டும். இரண்டும் அதற்கு மேலும் நூல்கள் பெற்றோரைக் காண:
செலெக்ட் சுட்டெண், கவுண்ட்(*) ஃப்ரொம் இரவல் குரூப் பை சுட்டெண் ஹேவிங் கவுண்ட்(*) >= 2;
இங்கு வெயார் கவுண்ட்(*) >= 2 என எழுதுவது பிழை.

வழு 6: நிபந்தனையற்ற நீக்கல்
டிலீட் ஃப்ரொம் இரவல்;
வெயார் பகுதி இல்லாததால் எல்லாப் பதிவுகளும் அழியும். அப்டேட் கட்டளைக்கும் இது பொருந்தும். இதனைத் தவிர்க்க இரு பழக்கங்கள் உதவும். முதலாவதாக, அதே வெயார் நிபந்தனையைச் செலெக்ட் கட்டளையுடன் இயக்கி, எத்தனை பதிவுகள் வருகின்றன எனப் பார்க்க. இரண்டாவதாக, கட்டளையைப் பரிமாற்றம் ஒன்றினுள் இயக்குக. விளைவு சரியாயின் கொமிட், பிழையாயின் ரோல்பேக். கொமிட் செய்தபின் ரோல்பேக் உதவாது; அதன்பின் காப்பு ஒன்றே கதி.

5. காப்பெடுத்தல் வழுக்கள்

5.1 வகைகள்

முழுக் காப்பு: எல்லாத் தரவுகளும் பிரதி எடுக்கப்படும்.
வேறுபாட்டுக் காப்பு: இறுதி முழுக் காப்பின் பின் மாறியவை எல்லாம் எடுக்கப்படும்.
ஏறுமானக் காப்பு: இறுதியாக எடுத்த எந்தக் காப்பின் பின்னும் மாறியவை மட்டும் எடுக்கப்படும்.

ஞாயிறு இரவு முழுக் காப்பும் ஏனைய இரவுகளில் மற்றையதும் எடுக்கப்படுகின்றன. வியாழன் பிற்பகல் வன்தட்டு பழுதடைந்தது எனக் கொள்வோம். ஏறுமான முறையாயின் ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் ஆகிய நான்கும் அதே ஒழுங்கில் தேவை. வேறுபாட்டு முறையாயின் ஞாயிறும் புதனும் போதும். இருமுறையிலும் வியாழன் காலை முதல் செய்த பதிவுகள் இழக்கப்படும்.

5.2 காப்பு ஏன் உதவாமற் போகின்றது?

(i) தரவுத்தளம் உள்ள அதே வன்தட்டில் காப்பும் இருத்தல். தட்டு பழுதானால் இரண்டும் போகும்.
(ii) பிரதிபலிப்பைக் காப்பு என எண்ணுதல். இரு தட்டுகளில் ஒரே நேரத்தில் எழுதும் முறை, தட்டுப் பழுதிலிருந்து மட்டுமே காக்கும். தவறுதலாக அழித்தால் அவ்வழிவும் உடனே இரண்டிலும் எழுதப்படும்.
(iii) தரவுத்தளம் இயங்கும்போது அதன் கோப்புகளைச் சாதாரணமாகப் பிரதி செய்தல். பாதி பழையதும் பாதி புதியதுமான, திறக்க முடியாத பிரதி கிடைக்கலாம். தரவுத்தள முகாமைத்துவ முறைமை வழங்கும் காப்புக் கருவியையே பயன்படுத்துக.
(iv) காப்புக் கோப்பு உருவானதா, அதன் அளவு என்ன என்பதைப் பாராமை. இடம் போதாமையால் வெறுங் கோப்பே உருவாகியிருக்கலாம்.
(v) மீட்டெடுத்துச் சோதிக்காமை. இதுவே யாவற்றிலும் பெரியது.

5.3 உண்மை நிகழ்வுகள்

நிகழ்வு 1: 2017 ஜனவரி 31 ஆம் திகதி கிட்லாப் என்ற மென்பொருட் சேவை நிறுவனத்தில், துணைச் சேவையகத்தில் இயக்க வேண்டிய நீக்கல் கட்டளையைப் பொறியியலாளர் ஒருவர் தவறுதலாகப் பிரதான சேவையகத்தில் இயக்கினார். ஏறத்தாழ 300 கிகாபைற்று தரவில் 4.5 கிகாபைற்று அளவே எஞ்சியது. நாளாந்தக் காப்பு, கருவியின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் பொருந்தாமையால் எடுக்கப்படாமலேயே இருந்தது. அதனை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. அதிர்ஷ்டவசமாக வேறு தேவைக்காக ஆறு மணித்தியாலங்களுக்கு முன் எடுக்கப்பட்ட பிரதி ஒன்றே கைகொடுத்தது. அவ்விடைக்காலத் தரவுகள் இழக்கப்பட்டன. நிறுவனம் நடந்தவற்றை மறைக்காது வெளியிட்டமையால் உலகெங்கும் இது பாடமாகப் பயன்படுகின்றது.

நிகழ்வு 2: 2023 ஓகஸ்ட் மாதம் இலங்கை அரசாங்க முகில் கணிமையின் மின்னஞ்சல் முறைமை கப்பம் கோரும் தீநிரலால் தாக்கப்பட்டது. ஏறத்தாழ 5000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிப்புற்றன. இணைப்பில் இருந்த காப்பும் சேர்த்துப் பூட்டப்பட்டது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலத்துக்கு வலையமைப்பிலிருந்து பிரித்து வைத்த காப்பு இல்லாமையால் அக்கால மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. இது மின்னஞ்சல் முறைமையாயினும் படிப்பினை தரவுத்தளத்துக்கும் ஒன்றே: கணினியுடன் எப்போதும் இணைந்திருக்கும் காப்பு, கணினிக்கு நேர்வதையே தானும் அனுபவிக்கும்.

5.4 3-2-1 விதி

தரவின் மூன்று பிரதிகள் இருத்தல் வேண்டும்; அவை இரு வகையான சேமிப்பு ஊடகங்களில் இருத்தல் வேண்டும்; ஒன்றாவது வேறு இடத்தில் இருத்தல் வேண்டும். இதனுடன், மாதம் ஒருமுறையாவது வேறொரு கணினியில் மீட்டெடுத்து, பதிவுகளின் எண்ணிக்கையை ஒப்பிட்டு, தமிழ்ப் பெயர்கள் சரியாகத் தெரிகின்றனவா என்பதையும் பார்த்தல் நன்று.

6. வழு கண்டறியும் ஒழுங்கு

1. எதையும் மாற்றுமுன் உள்ள நிலையிலேயே ஒரு காப்பு எடுக்க.
2. வழுச் செய்தியை முழுமையாக வாசித்துக் குறித்துக் கொள்க.
3. கட்டமைப்பைப் பார்க்க: சாவிகள், தரவு வகைகள், நீளம்.
4. வினவலைச் சிறு பகுதிகளாக இயக்கி, எப்பகுதியில் எண்ணிக்கை பிழைக்கின்றது எனக் காண்க.
5. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து சோதிக்க. பலவற்றை ஒருங்கே மாற்றினால் எது பயன் தந்தது என அறிய முடியாது.
6. செய்த மாற்றத்தைத் திகதியுடன் எழுதி வைக்க.

7. மாதிரி வினாக்களும் விடைகளும்

வினா 1: நூல் திருப்பாத மாணவர்களின் பெயர்களையும் நூல் இலக்கங்களையும் பெறுவதற்கான வினவலை எழுதுக.
விடை: செலெக்ட் மாணவர்.பெயர், இரவல்.நூல்_இல ஃப்ரொம் மாணவர் ஜொயின் இரவல் ஒன் மாணவர்.சுட்டெண் = இரவல்.சுட்டெண் வெயார் இரவல்.திருப்பிய_திகதி இஸ் நல்;

வினா 2: ஞாயிறு இரவு முழுக் காப்பும், திங்கள், செவ்வாய் இரவுகளில் ஏறுமானக் காப்பும் எடுக்கப்பட்டன. புதன் நண்பகல் தட்டு பழுதடைந்தது. திங்கட் காப்பு வாசிக்க முடியாதுள்ளது. எந்நிலை வரை மீட்கலாம்? வேறுபாட்டுக் காப்பாயின் எவ்வாறு அமையும்?
விடை: ஏறுமான முறையில் ஞாயிறு இரவு நிலை வரை மட்டுமே முறையாக மீட்கலாம். செவ்வாய்க் காப்பில் திங்கட் காப்பின் பின் மாறியவை மட்டுமே உள்ளமையால் இடையிலுள்ள மாற்றங்கள் இல்லை. வேறுபாட்டு முறையில் செவ்வாய்க் காப்பு, ஞாயிறுக்குப் பின் மாறிய யாவற்றையும் கொண்டிருக்கும். எனவே செவ்வாய் இரவு நிலை வரை மீட்கலாம்.

வினா 3: "எமது சேவையகத்தில் இரு வன்தட்டுகளில் ஒரே தரவு எழுதப்படுகின்றது, எனவே காப்பு தேவையில்லை." இக்கூற்றை ஏற்கின்றீரா? காரணம் தருக.
விடை: ஏற்கமுடியாது. தவறான நீக்கல், தீநிரல் தாக்குதல் ஆகியவற்றால் ஏற்படும் மாற்றம் இரு தட்டுகளிலும் எழுதப்படும். தீ, வெள்ளம், களவு ஆகியவற்றால் இரண்டும் ஒருங்கே இழக்கப்படலாம்.

வினா 4: இரவல் அட்டவணையில் நூற்பெயரையும் சேர்த்தால் எவ்வியல்பு வடிவம் மீறப்படும்?
விடை: இரண்டாம் இயல்பு வடிவம். நூற்பெயர், கூட்டுச் சாவியின் ஒரு பகுதியான நூல் இலக்கத்தில் மட்டும் தங்கியுள்ளது.

பயிற்சி: கூட்டுறவுக் கடை ஒன்றின் பற்றுச்சீட்டு ஒன்றை எடுத்து, அதிலுள்ள விபரங்களை மூன்றாம் இயல்பு வடிவம் வரை இயல்பாக்குக. பற்றுச்சீட்டில் அச்சிடப்பட்ட விலையை, பொருள் அட்டவணையில் மட்டும் வைத்தாற் போதுமா? விலை நாளை மாறினால் பழைய பற்றுச்சீட்டுகளுக்கு என்ன நேரும் எனச் சிந்தித்து விடை எழுதுக.